சலூன் நாற்காலியில் அப்பா

எதையும் சம்பந்தப்பட்டவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சபையில் அறிவிப்பது என்பது போதகருக்குப் பழக்கமில்லை. அன்றைக்கும் தொலைந்துபோன ஒரு குடையைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "நம்ம கர்ப்பகால உதவி மையத்துக்கு வெள்ளி விழா வருது. மையத்தோட வரலாற்றை எழுத நம்ம வாத்தியார் அன்போட ஒத்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான்காவது வரிசையில் வாத்தியார் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பயந்துபோனாள். அடுத்த பாட்டில் சபை முழுவதும் மூன்றாம் சரணத்துக்குப் போன பிறகும் அவள் முதல் சரணத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? அந்த மையத்துக்கு, கல்யாணத்துக்கு முன்பே, முதன்முதலில் வந்த பெண் அவர்களுடைய மகள். இது போதகரம்மாவுக்குத் தெரியும். பிரசவம் பார்த்த நர்சுக்குத் தெரியும். சபையில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் ஊகித்திருந்தார்கள். தெரியாதவர் வாத்தியார் ஒருவர்தான். அவரைப் போய் வரலாறு எழுதச் சொன்னால்?

மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை கிடைத்துவிட்டது, உடனே கிளம்பியாக வேண்டும் என்று சொல்லி அந்தக் காலத்தில் அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடித்தார்கள். ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. அந்தக் குறைமாதக் குழந்தை நாலு கிலோவுக்குச் சற்றே குறைவாக, தலை நிறைய முடியோடு, பிரசவ அறை அதிர அழுதுகொண்டு வந்தது. "குறைமாசம் சார், பத்திரமா பிடிங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரியில் வெகுநேரம் பஞ்சு தேடினாள். வாத்தியார் பேரனை இரண்டு கைகளிலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவசரக்காரன்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது அவசரக்காரன் எந்த வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்து, ஷூவுக்கு அளவு கிடைக்காமல் கடை கடையாக அலைகிறான்.

வாத்தியார் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று மனைவி எப்படி நம்பினாள் என்றால், அவர் சங்கதி அப்படி. எந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான், எப்போது யாரிடம் உதை வாங்கி ஓடினான் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தக் கல்யாண நாளை மட்டும் ஒரு வருடம்கூட ஞாபகம் வைத்ததில்லை. மனைவிமார்கள் எல்லோரும் குறை சொல்கிற அந்த மறதியின் மேல்தான் இவளுடைய நிம்மதி நின்றுகொண்டிருந்தது.

மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது முன்பு ஒரு சலூன். சலூன்காரர் காலி செய்தபோது ஒரு பெரிய கண்ணாடியையும் ஒரு நாற்காலியையும் விட்டுவிட்டுப் போனார். கண்ணாடி சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. சுழலும் நாற்காலி தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. போதகரம்மா ஆள் விட்டுப் பெயர்க்கப் பார்த்தார், தரைதான் பெயர்ந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, வெளியே பலகை மாட்டி, உள்ளே குழந்தைத் துணிகளும் பைபிளும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகளும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பெண்ணும் வரவில்லை. தாடியைச் சொறிந்துகொண்டு ஆண்கள்தான் வந்தார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பப் போதகரம்மாவுக்கு மனசு வராது. கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்தின் அவசியம் என்ற துண்டுப் பிரசுரத்தை ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் ஒரு நாள் வாத்தியார் மனைவி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போதகரம்மா பரவசத்தில், இருந்த துணியையெல்லாம் எடுத்து மேஜையில் பரப்பிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றார், கூடவே இருப்பேன் என்றார், ஜெபம் பண்ணலாம் என்றார். மகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க அப்பாகிட்ட எப்படி ஆன்ட்டி சொல்றது?"

அது எந்தப் பிரசுரத்திலும் இல்லை. போதகரம்மா யோசித்தார். பிறகு ஞாயிறு பள்ளி நாடகங்களை ஆண்டாண்டாக நடத்தி வந்த அனுபவத்தில், "ஒத்திகை பார்த்துடலாம்" என்றார். மகளின் அம்மாவைப் பார்த்து, "நீ அப்பா. போய் உக்காரு" என்றார்.

இருந்த ஒரே நல்ல நாற்காலி சலூன் நாற்காலிதான். அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்ன ஆனதோ, கல்யாணமான நாளிலிருந்து பார்த்துப் பார்த்து மனசில் ஊறிப்போன மனிதர் அப்படியே அவள் மேல் வந்து இறங்கிவிட்டார். மூன்று தடவை தொண்டையைக் கனைத்தாள். இல்லாத மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இல்லாத சட்டை நுனியில் துடைத்தாள். "இதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்னு நினைக்கிறே?" என்று உறுமினாள். நாற்காலியைச் சர்ரென்று சுழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு, தான் வளர்த்த விதம், மேசைமேல் வைத்த பேனா காணாமல் போகும் விதம், நாட்டின் நிலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். கடைசியில் களைத்துப்போய், "சரி போ. போறப்ப ஃபேனை நிறுத்திட்டுப் போ" என்றாள்.

அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். ஏனென்றால் வீட்டில் அதுதான் வழக்கம். எவ்வளவு பெரிய புயலாக இருந்தாலும் வாத்தியார் ஃபேன் என்று வாயைத் திறந்துவிட்டால் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. மகள் மூன்று வாக்கியங்களைத் தண்ணீர்பட்ட பாடாக ஆக்கிக்கொண்டாள். அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. முதல்ல உக்காருங்க. நாலாவது வாக்கியம் தானாக வரும் என்று போதகரம்மா விசுவாசித்தார்.

வீட்டில் வாத்தியார் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மகள் எதிரே போய் நின்று, முதல் இரண்டையும் சரியாகச் சொல்லி, "முதல்ல உக்காருங்க" என்றாள். வாத்தியார் நிமிர்ந்து பார்த்து, "உக்காந்துதானே இருக்கேன்" என்றார்.

ஒத்திகையில் இது இல்லை. மகள் மலங்க மலங்க விழித்தாள். "ஒண்ணுமில்லப்பா. டீ வேணுமான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடிப்போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாவுக்கும் போய்ச் சொல்லத் துணிவு வரவில்லை. அப்புறம் நடந்ததுதான் அவசரக் கல்யாணம், குறைமாதம் எல்லாம்.

ஆனால் அம்மா அந்த மையத்தை விடவில்லை. இரண்டாவதாக வந்த பெண்ணும் அதே கேள்வியைக் கேட்டாள், மூன்றாவது பெண்ணும் கேட்டாள். சாயங்காலமானால் அவள், துணி மடிக்கப் போவதாக வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கனைக்க வேண்டியதாயிற்று. பெண்கள் அவளை அப்பாக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் யார் எப்படி என்று விசாரித்து, குடிக்கிற அப்பா, பேசாத அப்பா, அழுதுவிடுகிற அப்பா என்று விதவிதமாக நடிப்பாள். ஆனால் எந்த அப்பாவைத் தட்டினாலும் உள்ளே வாத்தியார்தான் இருந்தார். 'அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், அப்படியே இருங்க என்று சொல்லவும்' என்பது மட்டும் பாடத்தில் புதிதாகச் சேர்ந்தது. ஃபேன் வரைக்கும் அழாமல் போய்விட்டால் பாஸ். பாஸான பெண்கள் மறுநாளே வீட்டில் சொன்னார்கள். சிலர் அடி வாங்கினார்கள், சிலர் துணி மூட்டையோடு மையத்துக்கே திரும்பி வந்தார்கள், பலர் பிழைத்தார்கள். சொல்லாமல் விட்டது முதல் பெண்ணும் அவளுக்குப் பாடம் எடுத்த அப்பாக்காவும்தான். இதை நினைக்கிற ராத்திரிகளில் அவளுக்குத் தூக்கம் வராது, பக்கத்தில் குறட்டை விடுகிறவரைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும்.

அறிவிப்பு வந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் போதகரம்மாவிடம் ஓடினாள்.

"அவர் உங்களைத்தான் முதல்ல பேட்டி எடுக்க வருவார். எப்படியாவது சமாளிங்கம்மா."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, பொய் சொல்ல வேணாம். முதல்ல வந்தது யாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

போதகரம்மா மனசாட்சியோடு கலந்து பேசினார். "மையத்துக்கு சோபா எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டுமா? அது நிஜம்தானே."

"சோபாவைப் பத்தி எவ்வளவு வேணாலும் சொல்லுங்க" என்றாள் அப்பாக்கா.

போதகரம்மா சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்க சோபாவைப் பற்றிச் சொன்னார். அடுத்த நாள் கெட்டில். நர்ஸிடம் போனால் அவள் தொட்டில்களின் வகைகளை விளக்கினாள். பெண்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில், "அதெல்லாம் வெளியே சொல்றதில்ல சார், ரகசியம்" என்றார்கள். அது உண்மைதான். அந்த இடத்தில் நடந்த கதை முழுவதும் வெளியே சொல்லக் கூடாதது. வாத்தியார் கிடைத்ததை வைத்துக்கொண்டு பாடப் புத்தகம் மாதிரி எழுத ஆரம்பித்தார். ராத்திரி சாப்பிடும்போது மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்.

"வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் இவ்விடம் முடிதிருத்தும் நிலையமாக விளங்கிற்று. எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"சோபாவின் வருகையும் அதன் விளைவுகளும். இது ரெண்டாவது அத்தியாயம். மூணாவது, வாஷிங் மெஷினும் மறுமலர்ச்சியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணு இடிக்குதே. மையம்னு இருந்தா முதல்ல ஒரு ஆள் வந்திருக்கணும் இல்ல? சோபாவா வந்து கதவைத் தட்டிச்சு?"

அவள் அவசரமாகக் கரண்டியை எடுத்தாள். "குழம்பு ஊத்தட்டுமா?" என்றாள்.

எழுத்தாளர்கள் மாதிரி இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், கையில் தாள் கட்டோடு மையத்துக்கு வந்து நின்றார். அப்பாக்கா பின்னால் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். போதகரம்மா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னறையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் சோபாவில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கடைசி ஒத்திகை. வேறு ஆளை வைத்துத்தான் கடைசி ஒத்திகை என்று அவள் கடையில் மையத்தின் பழைய மாணவி யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தாள்.

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். சரித்திரப் புகழ் பெற்ற சோபாவில் பெண் இருந்ததால் மரியாதையாகச் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவை.

துணிக்கடைப் பெண் விசுக்கென்று எழுந்து நின்றாள். தாவணி முனையைக் கசக்கிக்கொண்டு எதிரே வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. அப்படியே உக்காந்திருங்க. நான் மூணு மாசமா முழுகாம இருக்கேன்பா."

வாத்தியார் ஆடிப்போனார். வகுப்பறையில் எத்தனையோ பார்த்தவர், இதைப் பார்த்ததில்லை. கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றியது, சட்டை நுனியில் துடைத்தது. "இதுக்கு... இதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்னு நினைக்கிறே?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"திட்டுங்கப்பா. திட்டி முடிச்சதும் கொஞ்சம் கேளுங்க."

திட்ட அவருக்கு என்ன உரிமை? எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினார். நாற்காலி சர்ரென்று சுழன்று அவரைச் சுவர்க் கண்ணாடிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அவர் முகம் அவரையே பார்த்தது. பின்னால் அந்தப் பெண் நிற்பதும் தெரிந்தது. அவள் பாடத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் நல்லவன்தான், கேட்டால் வந்து நிற்பான், அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயம், அப்பாவுக்குத் தன்மேல் உயிர், அதனால்தான் சொல்ல முடியவில்லை. பாதியில் பாடம் போய் நிஜ அழுகை வந்துவிட்டது.

வாத்தியார் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் சோபா அத்தியாயம் பறந்து அறையெல்லாம் சிதறிக்கொண்டிருந்தது.

"அழாதேம்மா. போ, போய் முகத்தைக் கழுவு" என்றார் கடைசியில். "போறப்ப அந்த ஃபேனை நிறுத்திட்டுப் போ."

"பாஸ்!" என்று கத்தினாள் பெண். மூக்கைத் துடைத்துக்கொண்டு குதித்தாள். "அப்பாக்கா! நான் பாஸ்! சார், நீங்க யாரு சார்? கனைப்பு, கண்ணாடி, ஃபேன் எல்லாம் அப்படியே அப்பாக்கா பண்ற மாதிரியே பண்றீங்க. ஆனா அவங்க அளவுக்குச் சத்தம் இல்ல, இன்னும் கொஞ்சம் பழகணும்."

வாத்தியார் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். பின்கட்டு வாசலில் டீத் தட்டோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

மாடியிலிருந்து இறங்கிய போதகரம்மா நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, பெண்ணைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் என்னைத்தான் நடிச்சுக் காட்டுறியா?" என்றார் வாத்தியார்.

"வேற அப்பா எனக்கு யாரைத் தெரியும்?"

"அவ்வளவு சத்தமா போடுவேன்?"

"போடுவீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல்ல யாருக்காக நடிச்சே?"

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் திறக்கவே மாட்டேன் என்றது. எதிரே நிஜமான அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் தான் எவ்வளவு சுலபமாக அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டோம், இந்தப் பக்கம் நிற்பது என்ன கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. அப்படியே உக்காந்திருங்க" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஒத்திகை, பரீட்சைத்தாள், டீ, நர்ஸ் தேடிய பஞ்சு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வாத்தியார் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாலு கிலோ இருந்தான்" என்றார். "தூக்கினப்பவே ரெண்டு கையும் வலிச்சுது. குறைமாசமாம். கல்யாண நாளை மறந்தா மறந்ததுதான், பேரன் பொறந்த கணக்கு கூடவா எனக்குத் தெரியாது? நான் சரித்திர வாத்தியார். அவசரக்காரன்னு பேரு வெச்சதே நான்தானே."

அவள் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு. அப்புறம் அவன் நடக்க ஆரம்பிச்சான், பள்ளிக்கூடம் போனான். அப்புறம் எந்த முகத்தோட கேக்கறது?" மாட்டிய கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். "இந்த வரலாறு எழுதற சாக்குல யாராவது சொல்லுவாங்கன்னுதான் ஒத்துக்கிட்டேன். அதுக்கும் சோபாவைக் குடுத்து அனுப்பிட்டீங்க. ஊர்ல இருக்கிற அப்பனுக்கெல்லாம் சொல்லக் கத்துக்குடுத்தே. இந்த ஒரு அப்பனுக்கு மட்டும் சொல்லல. எனக்கு வலிச்சுது, தெரியுமா?"

அவள் எழுந்து போய் நாற்காலியின் கைப்பிடியில் அவர் கைமேல் கையை வைத்தாள். அவர் எடுத்துவிடவில்லை. மற்ற கையால் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா இந்த நேரத்துல? உடம்பு நல்லா இருக்கா?"

வாத்தியார் கனைத்தார். மூன்று தடவை. "அங்க ஃபேன் ஓடுதா?"

"ஓடுது. ஏம்ப்பா?"

"நிறுத்திட்டுப் போ."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதருகே கொண்டுபோனார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, காதோரம் நரைத்துவிட்ட அந்த மகள், பழைய சலூனில் மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. முதல்ல உக்காருங்க."

"உக்காந்துதாம்மா இருக்கேன்" என்றார் வாத்தியார். "சொல்லு."

மகளின் குரல் மெலிதாக இருந்தது. சரியாகக் கேட்கட்டும் என்று அப்பாக்கா போய் ஃபேனை நிறுத்தினாள்.